கை மாறாத ஓராண்டு

புனே
7-4-1999

அன்புள்ள அக்கா,

பீமாராவ் எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. மெஸ் சப்பாத்தி மட்டும் தொண்டையில் இறங்க மறுக்கிறது. நீ, மச்சான், அப்பா எல்லாரும் சுகம்தானே? அம்மாவின் முட்டுவலி குறைந்ததா?

நேராக விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு ஒரு கார் கிடைத்திருக்கிறது. வாங்கவில்லை, கொடுத்தார்கள். எங்கள் விந்தியா மோட்டார்ஸ் இந்த வருஷம் 'ஜுவாலா' என்று ஒரு ஸ்போர்ட்ஸ் கார் விட்டிருக்கிறது. சிவப்பு நிறம், இரண்டே சீட்டு. மாதம் நாற்பது கார்தான் செய்கிறோம். நாலாயிரம் பேர் முன்பணம் கட்டிக் காத்திருக்கிறார்கள். ஜனவரியில் பிரேக் குழாயில் ஒரு கசிவைக் கண்டுபிடித்து, மேனேஜர் கத்தக் கத்த நான் உற்பத்தி லைனை நிறுத்தினேன். மூன்று நாள் நின்றது. வேலை போகும் என்று எல்லாரும் சொன்னார்கள். கடைசியில் நான் சொன்னது சரி என்று ஆனது. முதலாளி கூப்பிட்டுக் கைகொடுத்து, சாவியையும் கொடுத்தார். நேற்றுத்தான் என் பேருக்கு டெலிவரி.

கூடவே ஒரு பத்திரத்தில் கையெழுத்து. ஓராண்டு வரை இந்தக் காரை விற்கக் கூடாது, அடகு வைக்கக் கூடாது, கை மாற்றக் கூடாது. மீறினால் வெளியாளுக்கு இனிமேல் கார் கிடையாது. எங்கள் ஆளுக்கு வேலை கிடையாது. இந்த ஷரத்தைப் போடச் சொன்னதே நான்தான். வாங்கின மறுநாளே லட்சம், ஒன்றரை லட்சம் லாபத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். பேர்கூட மாற்றுவதில்லை. கசிகிற குழாயோடு வெளியே போய்விட்ட பதினெட்டுக் கார்களைத் தேடினோம். ஆறு கார்கள் யாரிடம் இருக்கின்றன என்றே தெரியவில்லை. யாரிடம் போய் 'ஓட்டாதே' என்று சொல்வது?

எனக்கு இங்கே ஒரு ரூமில் மூன்று பேர். காரை நிறுத்த இடமில்லை. மச்சான் லாரியில் இந்தப் பக்கம் லோடு கொண்டுவரும்போது க்ளீனரிடம் லாரியை விட்டுவிட வேண்டாம். மாற்று டிரைவரோடு வரச் சொல். திரும்பும்போது காரை ஓட்டிப் போகட்டும்.

உன் தம்பி,
பீமாராவ்

*

எழுமலை
29-4-1999

அன்புத் தம்பி பீமுவுக்கு,

அக்கா முத்துச்செல்வி. நாங்கள் எல்லாரும் நல்லாயிருக்கிறோம். அம்மாவுக்கு வலி அப்படியேதான். ஆனால் உன் கார் வந்த அன்றைக்கு வலியை மறந்து தெருமுனை வரை ஓடியது. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

உன் மச்சான் மூன்று நாள் ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். இறங்கினவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொன்ன முதல் வார்த்தை: "லாரியில உக்காந்தா ஊரு தெரியும். இதுல உக்காந்தா எறும்பு தெரியுது." தெருப் பிள்ளைகள் அத்தனையும் நம் வாசலில்தான். அம்மா நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தது. இப்போது கோழி ஏறி நிற்கிறது என்று கம்பை எடுத்துக்கொண்டு காவல் இருக்கிறது.

பீமு, ஒன்று சொல்ல வேண்டும். கண்மாய்க்குக் கீழே கருத்தக்கண்ணன் ஐயாவின் இரண்டு ஏக்கர், கிணற்றோடு, விற்கப்போகிறார். மகன்கள் திருப்பூரில் இருக்கிறார்கள், பணமாகக் கேட்கிறார்கள். அப்பா முப்பது வருஷமாகக் கூலிக்கு வெட்டி, கட்டி, தண்ணி பாய்ச்சுகிற அதே நிலம். "மொதல்ல ஒனக்குத்தான் சொல்றேன் கருப்பு. தை கழியப் பாக்குறேன், அப்பறம் யாரு கேட்டாலும் குடுத்துருவேன்" என்று அப்பாவிடமே சொன்னாராம். அப்பா வந்து சொல்லிவிட்டுக் கை கழுவிச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார். நமக்கு ஆகுமா என்றுகூடக் கேட்கவில்லை.

மூன்றே முக்கால் லட்சம் சொல்கிறார். என் நர்சு சம்பளமும் மச்சான் லாரிக் காசும் உனக்குத் தெரியும். போன வாரம் உசிலம்பட்டி ரோட்டில் ஒரு காரைக்குடிக்காரர் மச்சானை மறித்து, இந்தக் காருக்கு ஏழு லட்சம் தருகிறேன் என்றார். உன் காகிதத்தில் அப்படி என்னதான் எழுதியிருக்கிறது? ஒரு நகல் அனுப்பு.

அன்புடன்,
அக்கா

*

புனே
10-5-1999

அன்புள்ள அக்கா,

நலம். எல்லாரும் நலமாக இருக்க வேண்டும்.

நகல் இதில் இருக்கிறது. படித்துப் பார். பதில் ஒன்றுதான்: முடியாது. நானே சொல்லிப் போட்ட ஷரத்து. நானே அதை மீறினால் அப்புறம் எந்த முகத்தோடு லைனில் நிற்பது? ஏழு லட்சம் என்றாலும் பத்து லட்சம் என்றாலும் இதுதான். அடுத்த வருஷம் ஏப்ரல் ஆறு கழிந்தபின் பேசலாம். அதுவரை அந்தக் காரைக்குடிக்காரரை வாசலில் சேர்க்காதே.

காரைப் பற்றி: தரைக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே ஐந்தரை அங்குலம்தான். கண்மாய்க்கரைப் பாதையில் போக வேண்டாம். வாரம் ஒரு முறையாவது பத்து கிலோமீட்டர் ஓட்டணும், இல்லாவிட்டால் பேட்டரி இறங்கிவிடும். எலுமிச்சம்பழச் சாறு டயருக்கு நல்லதில்லை. அம்மாவிடம் சொல்.

பீமாராவ்

*

எழுமலை
18-7-1999

அன்புத் தம்பிக்கு,

சுகம். நீயும் சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். பதில் எழுத இரண்டு மாதமாகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. அம்மை ஊசி, கர்ப்பிணிகள் கணக்கு என்று பஞ்சாயத்து பஞ்சாயத்தாக அலைச்சல்.

ஒரு சங்கதி. நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன்! வாரம் பத்து கிலோமீட்டர் ஓட்டச் சொன்னாய். மச்சான் மாதத்தில் இருபது நாள் வெளியூர். அப்புறம் யார் ஓட்டுவது? லைசென்ஸும் எடுத்துவிட்டேன். மச்சான் கற்றுக்கொடுத்த லட்சணத்தைக் கேள். நான் கிளட்ச்சை விட்டதும் வண்டி குதித்து நின்றது. "ஊசி போடும்போது இப்பிடித்தான் குத்துவியா? பைய விடு தாயி, பைய!" என்று டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு கத்துகிறார். லாரி ஓட்டுகிற ஆளுக்கு என் பக்கத்தில் உட்கார அம்புட்டு பயம்.

அம்மா ஒரு தரம் உட்கார்ந்து பார்த்து, "காலு நீட்ட எடம் இருக்கு, நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி அங்கேயே தூங்கிப்போனது. அப்பா தொடுவதில்லை. வேலைக்குப் போகும்போது சுற்றிக்கொண்டு போவார். வழக்கம்போலத்தான் போய்வருகிறார்.

சட்டை கிழிந்தால் தைத்துப் போடாதே, புதுசு எடு.

அன்புடன்,
அக்கா

*

புனே
30-7-1999

அக்கா,

நலம்.

நீ இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். கிளட்ச் பற்றி இருக்கிறது, அம்மா தூங்கியது இருக்கிறது. நிலத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. நான் அவ்வளவு முட்டாள் இல்லை. முடியாது என்று நான் சொன்னதால் நீ பேச்சை மூடிவிட்டாய். மூடாதே. நிலம் என்ன ஆனது? அப்பா என்ன சொல்கிறார்? அதை மட்டும் எழுது. போதும்.

கார் ஓட்டியதற்குச் சந்தோஷம். கியர் மாற்றும்போது கீழே பார்க்காதே.

பீமாராவ்

*

எழுமலை
3-10-1999

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீ கோபமாகக் கேட்டதால் சொல்கிறேன்.

மதுரை செல்லூரிலிருந்து ஒரு செங்கல் சூளைக்காரர் வந்து நிலத்தைப் பார்த்துவிட்டுப் போனார். விவசாயத்துக்கு இல்லை, மண்ணுக்கு. பத்தடி ஆழத்துக்கு எடுப்பார்களாம். ஐயாவின் மகன்கள் அவருக்கே கொடுக்கச் சொல்கிறார்கள். ஐயா தை வரை என்று சொன்ன வார்த்தையில் நிற்கிறார். எத்தனை நாள் நிற்பார் என்று தெரியாது.

அப்பா எதுவும் சொல்லவில்லை. சூளைக்காரர் வந்த அன்று, குழி எங்கே தோண்டலாம் என்று அளக்க டேப்பின் ஒரு முனையைப் பிடித்தது அப்பாதான். பிடிக்கச் சொன்னார்கள், பிடித்தார். வீட்டுக்கு வந்து அதையும் சொல்லிவிட்டுப் படுத்தார்.

நீ மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே. எல்லாருக்கும் எல்லாம் கிடைத்துவிடுமா? பண்டிகைக்கு வரப் பார்.

அக்கா

*

புனே
25-10-1999

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை இரண்டு வாரமாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். அந்த டேப் எழுதின இடத்தைத் தாண்டிப் படிக்க முடியவில்லை.

இத்துடன் பேர் மாற்றும் படிவங்கள் இருக்கின்றன. எல்லா இடத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். வாங்குகிறவன் பேரைப் பூர்த்தி செய்தால் போதும். காரைக்குடிக்காரரைக் கூப்பிடு. விற்றுவிடு. தெரிந்தால் என்னை அனுப்பிவிடுவார்கள். அனுப்பட்டும். படிப்பு இருக்கிறது, வேறு வேலை கிடைக்கும். நான் எழுதின ஷரத்தை நானே மீறுகிறேன் என்பது எனக்குத் தெரியும். அதைப் பற்றி நீ ஒன்றும் எழுதாதே. விற்றாயிற்று என்று ஒரே வரி போடு.

பீமாராவ்

*

புனே
11-12-1999

அக்கா,

ஒன்றரை மாதமாக உன்னிடமிருந்து பதில் இல்லை. விற்றுவிட்டாய் என்று எடுத்துக்கொண்டேன். வருத்தம் இல்லை. ஆனால் இப்போது அவசரம், கவனமாகப் படி.

ஜுவாலாவில் ஸ்டியரிங் தண்டில் ஒரு பற்றவைப்பு பலமில்லாமல் போயிருக்கிறது. திருப்பும்போது உடைய வாய்ப்பு உண்டு. பிப்ரவரி முதல் மே வரை செய்த நூற்று அறுபது கார்கள். என் கார் அதில் ஒன்று. ஒவ்வொரு சொந்தக்காரருக்கும் தகவல் சொல்கிற பொறுப்பை என்னிடமே கொடுத்திருக்கிறார்கள். ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு நாள் முழுக்க போன் அடிக்கிறேன். நூற்று நாற்பத்து மூன்று பேர் கிடைத்துவிட்டார்கள். மிச்சத்தில் ஒரு வரியில் என் பேர் இருக்கிறது. 'தகவல் தெரிவிக்கப்பட்டதா' என்ற கட்டத்தில் நான் என்ன எழுதுவது?

கார் இப்போது யாரிடம் இருக்கிறதோ அவரிடம் இன்றைக்கே ஆள் அனுப்பு. ஒரு அடிகூட ஓட்டக் கூடாது. அவர் பேரும் விலாசமும் எனக்கு வேண்டும். கம்பெனியில் நானே போய்ச் சொல்லிவிடுகிறேன். வேலையைப் பற்றி யோசிக்காதே. ஒரு ஆள் சாகக் கூடாது.

பீமாராவ்

*

எழுமலை
15-12-1999

என் தம்பி பீமுவுக்கு,

முதலில் இதைப் படி: கார் நம் வாசலில் நிற்கிறது. யாருக்கும் விற்கவில்லை. உன் கடிதம் வந்ததும் சாவியை அம்மாவின் சுருக்குப்பையில் போட்டாயிற்று. அதிலிருந்து எடுக்க எமனாலும் ஆகாது. கட்டத்தில் 'தெரிவிக்கப்பட்டது' என்று தைரியமாக எழுது.

நான் செய்தது தப்பு. உன்னைத் தவிக்கவிட்டேன். என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

உன் படிவங்கள் வந்த மறுநாளே காரைக்குடிக்காரரை வரச்சொன்னேன். பணப்பையோடு வந்தார். படிவத்தைப் பார்த்துவிட்டு, "பேரு எழுத வேணாம்மா. அப்பிடியே இருக்கட்டும். நாலு கை மாறட்டும், கடைசில வர்றவன் எழுதிக்குவான்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நாங்கள் பிள்ளைகளுக்கு ஊசி போடும்போது மருந்து எந்த பேட்ச், எந்த வீட்டுப் பிள்ளை என்று எழுதாமல் விடவே மாட்டோம். ஒரு பேட்ச் கெட்டுப்போனதென்றால் இரவோடு இரவாக அந்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டுமே. நீ முதல் கடிதத்தில் சொன்னதும் அதேதான் என்று அப்போதுதான் உறைத்தது. "கார் விக்கிறதுக்கு இல்ல" என்று அனுப்பிவிட்டேன். அனுப்பிவிட்டு உள்ளே போய் அழுதேன். அது நிலத்துக்காக. இதை உனக்கு எப்படி எழுத? எழுதினால் நீயே புறப்பட்டு வந்து விற்றுவிடுவாய். அதனால் எழுதவில்லை.

அப்புறம்தான் இது. உன் காரில் ஆபத்து இருக்கிறது என்று தெரியாத நேரம், கோபப்படாதே. போன ஞாயிறு போலியோ சொட்டு மருந்து. ஆபீஸ் ஜீப் கிளம்பவில்லை. மருந்துப் பெட்டியைப் பக்கத்துச் சீட்டில் வைத்து நானே ஓட்டிக்கொண்டு போனேன். கூப்பிட்டால் ஓடி ஒளிகிற பிள்ளைகள் காரைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு வரிசையில் நின்றன.

அன்று சாயங்காலம் கருத்தக்கண்ணன் ஐயா வீட்டுக்கு வந்தார். மறுநாள் உசிலம்பட்டியில் பேத்திக்குக் கல்யாணம். "கருப்பு, ஒம் மகள அந்தச் செவப்பு வண்டிய எடுத்துட்டு வரச்சொல்லு. அதுல போயி எறங்கணும்" என்றார்.

காலையில் கொண்டுபோய் அவர் வாசலில் நிறுத்தினேன். வெள்ளை வேட்டியோடு வந்து காரைச் சுற்றிப் பார்த்தார்.

"பின் சீட்டு எங்க தாயி?"

"இல்லங்கய்யா. ரெண்டே சீட்டுத்தான். ஒண்ணுல நான் ஓட்டணும்."

"டிக்கி?"

"அது சாமான் வைக்க."

தெருவே பார்த்துக்கொண்டிருக்கிறது. என் பக்கத்தில்தான் உட்கார வேண்டும். அவர் துண்டை ஒரு தரம் உதறினார், இன்னொரு தரம் உதறினார். நான் எஞ்சினை அணைக்கவில்லை. கடைசியில் ஏறி உட்கார்ந்தார். ஊர் எல்லை தாண்டும் வரை நேராகவே பார்த்துக்கொண்டு வந்தார். மூன்றாவது கியர் போட்டதும் என் தோளைப் பிடித்துவிட்டார். "பைய, தாயி!" என்றார். அப்புறம் கையை எடுக்க மறந்துபோனார்.

வழியில் அவரே கேட்டார், இம்புட்டு விலை தருகிறார்களே, ஏன் விற்கவில்லை என்று. உன் காகிதத்தைப் பற்றிச் சொன்னேன். பிறகு, "எனக்கும் அப்பிடி ஒரு காகிதம் இருந்தா மகனுக வாய அடைச்சுருவேன். அந்தச் சூளைக்காரன் பத்தடி தோண்டுவான்னு நெனச்சா தூக்கம் வரல" என்றார். நான் வண்டியை ஓரமாக நிறுத்தினேன். "நான் எழுதித் தாறேன் ஐயா" என்றேன்.

நீ அனுப்பிய நகலை அப்படியே எடுத்து, வாகனம் என்று வருகிற இடத்தில் எல்லாம் நிலம் என்று போட்டேன். உன் ஓராண்டு கழிந்து காரை விற்க நாள் வேண்டுமே. அதனால் சித்திரை முடிய விற்கவும் அடகு வைக்கவும் கை மாற்றவும் கூடாது, கருப்பு வாங்காவிட்டால்தான் மற்றவருக்கு. முத்திரைத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டார். பேரம் பேசவில்லை.

உன் படிவங்களைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். இனி இப்படி வெறும் இடம் விட்டுக் கையெழுத்துப் போடாதே. நல்ல நிலத்துக்கு ஆசைப்பட்டு நல்ல தம்பியை விற்க எனக்குத் தெரியாது.

அக்கா

*

புனே
24-12-1999

அன்புள்ள அக்கா,

கட்டத்தில் எழுதிவிட்டேன். எழுதிவிட்டு பாத்ரூமில் போய் முகம் கழுவி வந்தேன். மேனேஜர் ஜலதோஷமா என்றார். ஆமாம் என்றேன்.

ஷரத்தில் 'வாகனத்தின் அசல் உதிரிபாகங்களை மாற்றக் கூடாது' என்று ஒன்று இருக்கிறது. நிலத்துக்கு அதை என்னவென்று எழுதினாய்? அதை மட்டும் சொல்.

புது ஸ்டியரிங் தண்டோடு பொங்கலுக்கு வருகிறேன். நானே மாட்டுவேன். ஊரில் யாரையும் தொட விடாதே. இந்த மாதிரி ஒரு அக்கா கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டில் இருந்தால் நான் லைனை நிறுத்தியிருக்க வேண்டியதில்லை.

எல்லாரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பீமாராவ்

*

எழுமலை
14-5-2000

அன்புத் தம்பிக்கு,

எல்லாரும் சுகம். வெயில் மட்டும் தாங்கவில்லை. நீ தண்ணி நிறையக் குடி.

எல்லாம் முடிந்தது. உங்கள் கம்பெனி மாதம் முந்நூறு கார் விட ஆரம்பித்துவிட்டதாம். காரைக்குடிக்காரர் இந்தப் பக்கமே வரவில்லை. மதுரை தல்லாகுளத்தில் ஒரு டாக்டர், நீ மாட்டின புதுத் தண்டோடு காரை நாலரை லட்சத்துக்கு எடுத்துக்கொண்டார். ஏழு லட்சம் போச்சே என்று மச்சான் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. மறுநாள் இரண்டு நாளுக்கும் சேர்த்துச் சாப்பிட்டார். பேர் மாற்றி, ஆர்.சி. புத்தகம் டாக்டர் கைக்குப் போய், அவர் விலாசத்தை உன் கம்பெனிக்கு எழுதின பிறகுதான் சாவியைக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை பத்திரம் பதிந்தோம். அப்பா பேரில். கருத்தக்கண்ணன் ஐயாவே பதிவு ஆபீசுக்கு வந்து, எண்ணிப் பார்க்காமல் பணத்தை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு, "மண்ண நல்லாப் பாத்துக்க கருப்பு" என்றார். அப்பா, "சரிங்கய்யா" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

நேற்றுக் காலை அப்பாவுக்குக் கஞ்சி கொண்டுபோனேன். விடிவதற்கு முன்னாலேயே போனவர். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு வரப்பில் நிற்கிறார். ஒரு கட்டிகூடப் புரட்டவில்லை.

"என்னப்பா, மேலுக்கு முடியலயா?" என்றேன்.

"ஐயா இன்னும் வரல தாயி. இன்னைக்கி எந்தப் பக்கம் வெட்டணும்னு சொல்லல" என்றார்.

கஞ்சிச் சட்டியைக் கீழே வைத்தேன். "யப்பா, இனிமே யாரும் வர மாட்டாக. எந்தப் பக்கம் வெட்டணும்னு நீதான் சொல்லணும்."

என்னைப் பார்த்தார். கிணற்றைப் பார்த்தார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை புதுசாகப் பார்ப்பதுபோல ஒரு பார்வை. அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அப்பிடின்னா... நீ போயி மோட்டாரப் போடு."

போட்டேன்.

அன்புடன்,
அக்கா முத்துச்செல்வி